புலிக்காசைத் தேடி ஆரணிக்கு

ஆரணிக்குப் பட்டுச்சேலை வாங்கப் போகவில்லை என்று நான் சொன்னதைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் நம்பவே இல்லை. "மலேசியாலேர்ந்து வந்துகினு, ஆரணிக்கும் போயிகினு, சேலை வாங்க மாட்டீங்களா? அப்ப இன்னாத்துக்குப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, மடியிலிருந்த வேர்க்கடலையில் பாதியை என் கையில் கொட்டினார். "ஒரு பழைய காசு பார்க்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதன் பிறகு ஆரணி வரும்வரை எந்தக் கடையில் ஜரிகை சுத்தம், எந்தக் கடையில் ஏமாற்று என்று சொல்லிக்கொண்டே வந்தார். காசு பார்க்க வந்ததாகச் சொல்கிறவளும் கடைசியில் சேலைக்கடைக்குத்தான் போவாள் என்பது அவர் கணக்கு.

நான் சொன்னது உண்மைதான். பினாங்கில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. பழைய நாணயம், பதக்கம், தபால்தலை வாங்கி விற்பேன். விற்க மனம் வராத சிலவற்றை எனக்கென்று வைத்துக்கொள்வேன். அப்படி வைத்துக்கொண்டவற்றில் ஒன்று ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கம்.

கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்களின் கும்பினிப் படை ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையைப் பிடித்தது. மைசூர் சுல்தான் அந்தச் சண்டையில் இறந்துபோனார். அந்த வெற்றியின் நினைவாகக் கும்பினி ஒரு பதக்கம் அடித்து, சண்டையில் நின்றவர்களுக்குக் கொடுத்தது. ஒரு பக்கம், சிங்கம் ஒன்று புலியைக் கீழே தள்ளி அதன்மேல் ஏறி நிற்கும். சிங்கம் இங்கிலாந்து, புலி சுல்தான். சிம்மாசனத்திலிருந்து துப்பாக்கி வரைக்கும் புலியைப் பொறித்து வைத்திருந்தவர் அவர். மறுபக்கம், உச்சி வெயிலில் இடிந்த மதிலின் மேல் படை ஏறும். படம் எல்லோருக்கும் ஒன்றுதான். உலோகம் மட்டும் பதவிக்குத் தக்கபடி மாறும். தளபதிகளுக்குத் தங்கம், அதிகாரிகளுக்கு வெள்ளி, அவர்களுக்குக் கீழே வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். தங்கத்தைப் பூட்டி வைத்தார்கள், அது இன்றைக்கும் கண்ணில் படுகிறது. ஈயத்தை யார் பூட்டி வைப்பார்கள்? அதிகம் பேருக்குக் கொடுத்ததுதான் இன்று கிடைக்காமல் போயிற்று. என்னிடம் வெள்ளியும் வெண்கலமும் இருந்தன. ஈயத்தை நான் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

தனபால் எங்கள் பக்கத்துச் சேலைக்கடையில் வேலை செய்கிற ஆரணிக்காரர். ஒரு நாள் மத்தியானம் என் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வெண்கலப் பதக்கத்தைப் பார்த்துக் குனிந்தார். "அக்கா, எங்க வூட்டுப் புலிக்காசு இங்க எப்படி வந்துச்சு?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இதேதான்க்கா. ஆனா எங்களுது இந்தக் கலர் இல்ல. ஈயம் மாதிரி இருக்கும்."

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பதக்கத்தை அவர் கையில் கொடுத்து இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.

சென்னையில் எனக்கு ஒரு உறவுக்காரக் கல்யாணம் வந்தது. தனபால் தானாகவே சொன்னார்: "கல்யாணம் முடிஞ்சி ஆரணிக்குப் போங்க. என் சம்சாரம் மஞ்சுளாகிட்ட போன்ல சொல்லிடறேன். காசை வாங்கிக்குங்க. திரும்பி வந்து எங்க மொதலாளிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை பேசுங்க. உங்க பேச்சுக்கு அவரு மரியாதை குடுப்பாரு." என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். தனபாலின் பாஸ்போர்ட் முதலாளியின் மேசை டிராயரில் இருந்தது. ஊருக்குப் போகக் கேட்கும்போதெல்லாம் "தீபாவளி வியாபாரம் முடியட்டும்", "பொங்கல் முடியட்டும்" என்று முதலாளி தள்ளிக்கொண்டே போனார். தனபால் பினாங்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

ஆரணியில் இறங்கியதும் வெயில் நேராகத் தலையில் விழுந்தது. பினாங்கில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. வெயிலும் மழையும் தெரியாமல் தெருத்தெருவாக நடக்கலாம். இங்கே நிழலுக்கு ஒதுங்கினால் அங்கே ஏற்கனவே ஒரு சைக்கிளும் ஒரு ஆடும் நின்றுகொண்டிருந்தன. மஞ்சுளாவின் தெருவுக்குள் நுழைந்தபோது வழியே இல்லை. தெருவின் நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருந்தார்கள். தொடக்கூடாத ஒன்றின் முன்னால் நிற்பதுபோல் நின்றேன். "குனிஞ்சி ஓரமா வாங்கக்கா, மேல படாம" என்று ஒரு குரல் கூப்பிட்டது. அதுதான் மஞ்சுளா.

முப்பது வயதுக்குள் இருக்கும். கூடத்தில் தறி ஒன்றில் அரக்கு நிறச் சேலை பாதி ஓடியிருந்தது. தெருப் பையன் ஒருவனிடம் எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிவரச் சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்தது. "அவரு போனப்ப இவ வயித்துல" என்றாள் மஞ்சுளா, வேறெதையும் சொல்லாமல்.

காசைப் பற்றிக் கேட்டேன்.

"காசு வூட்ல இல்லக்கா."

விற்றுவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை. அந்தக் காசு வீட்டில் தங்குவதே குறைவாம். சொந்தத்திலும் தெருவிலும் யாருக்குப் பிரசவ நேரம் நெருங்கினாலும் வாங்கிக்கொண்டு போவார்கள். வலி எடுத்ததும் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கையில் கட்டுவார்கள். பிள்ளை பிறந்ததும் தொட்டிலில் மாட்டுவார்கள். முப்பது நாள் தீட்டு கழிந்த பிறகு திரும்பி வரும், அல்லது அங்கிருந்தே அடுத்தவளுக்குப் போய்விடும். இப்போது சந்தவாசலில் வசந்தா என்கிற சொந்தக்காரப் பெண்ணிடம் இருக்கிறது.

"சிங்கம் மேலே இருக்கே, ஏன் புலிக்காசுன்னு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "அப்படித்தான்க்கா சொல்லுவாங்க. நாளைக்கு சந்தவாசல் போலாம். நானும் வர்றேன், தனியா போனா உங்ககிட்ட தர மாட்டாங்க. ஆனா ஒண்ணு. பாருங்க, போட்டோ எடுத்துக்குங்க. எடுத்துகினு போறதப் பத்தி அப்புறமா பேசலாம். அவரு போன்ல சொல்லிட்டாரு, சரி. அது அவரு பெத்தப்ப கட்டிகினு இருந்த காசு இல்லையே."

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்தேன். கீழேயே பிரியாணிக் கடை. சின்ன அரிசி, இலையில் விழும்போதே மணம். கூட வந்த கத்திரிக்காய்த் தொக்கை நான் மூன்றாம் தடவை கேட்டதும் கடைக்கார பாய் சந்தோஷப்பட்டுப் பேச வந்து உட்கார்ந்தார். வெண்கலப் பதக்கத்தின் புகைப்படத்தைக் காட்டினேன். சிங்கத்துக்கு மேலே பறக்கும் கொடியில் அரபு எழுத்தில் ஒரு வரி உண்டு. பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "அசதுல்லாஹில் காலிப். அல்லாஹ்வோட சிங்கம் ஜெயிக்கும்னு அர்த்தம்மா. அந்தக் காலத்துல சுல்தானே இந்த வார்த்தைய வச்சிகினு இருந்தாருன்னு சொல்லுவாங்களே. அவரை ஜெயிச்சவங்க எதுக்கு இதைப் போட்டாங்க?"

"கோட்டையைப் பிடிச்சவங்க அவர் வார்த்தையையும் பிடிச்சுக்கிட்டாங்க" என்றேன்.

பாய் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பேஜார் புடிச்சவனுங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி தொக்கு வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை சந்தவாசலுக்குப் புறப்பட்டோம். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மஞ்சுளா நல்ல சேலை கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். தறியை நிறுத்திவிட்டு வெளியே போவது அவளுக்குத் திருவிழா. பாதி வழியில் பேருந்து பெரிய சத்தத்தோடு ஒரு பக்கம் சாய்ந்தது. டயர் வெடித்துவிட்டது. மாற்று டயரிலும் காற்றில்லை. கண்டக்டர் அதை உதைத்துப் பார்த்துவிட்டு, "ஜல்தியா போறவங்க இறங்கிப் போங்க, மத்தவங்க உக்காருங்க" என்றார். எங்கள் ஊரில் இப்படி நடந்திருந்தால் அரை மணியில் ஆளாளுக்குப் புகார் எழுதியிருப்பார்கள். இங்கே எல்லோரும் புளியமரத்தடிக்குப் போய் ஒரே குடும்பம்போல் உட்கார்ந்துவிட்டார்கள். எங்களை, அங்கே மணிலாக் கொட்டை என்று சொல்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிப்போன ஒரு டிராக்டர் ஏற்றிக்கொண்டது.

மூட்டைமேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டு போகையில்தான் மஞ்சுளா கேட்டாள். காலையிலிருந்தே கேட்கத்தான் காத்திருந்தாள் என்று தோன்றியது.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. அவரு அங்க வேற யாரையாவது வச்சிகினு இருக்காரா?"

"என்ன பேச்சு இது?"

"பின்ன? எப்ப வரீங்கன்னு கேட்டா, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன், எனக்கு இங்க புடிச்சிருக்குன்னு சொல்றாரு. நாலு வருசமாவா ஒருத்தருக்குப் புடிக்கும்?"

தனபால் தன் மனைவியிடம் இப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். கடைக்குமேல் ஒரு அறையில் நாலு பேரோடு படுத்துக்கொள்வதையும், ஞாயிற்றுக்கிழமை தானே ரசம் வைத்து எனக்கு ஒரு கிண்ணம் கொண்டு வருவதையும், மகளின் புகைப்படத்தைக் கடையில் ரவிக்கை அளவு குறிக்கும் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருப்பதையும் சொன்னேன்.

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டிராக்டர் சத்தத்தில் அழுகிறாளா என்றும் தெரியவில்லை. பிறகு, "என்கிட்ட ஏன்க்கா பொய் சொன்னாரு?" என்றாள்.

"நீ கவலைப்படுவேன்னு நினைச்சிருப்பாரு."

"நாலு வருசமா நான் வேற கவலை இல்ல பட்டுகினு இருந்தேன்!" என்று கத்தினாள். டிராக்டர்க்காரர் திரும்பிப் பார்த்தார். மஞ்சுளா கண்ணைத் துடைத்தாள், மூக்கைச் சிந்தினாள், கனகாம்பரத்தைச் சரிசெய்தாள். "காசு உங்களுக்குத்தான்க்கா. எடுத்துகினு போங்க. அவரை அனுப்புங்க."

"காசு தராவிட்டாலும் நான் பேசுவேன், மஞ்சுளா."

"இல்ல. சும்மா பேசறது வேற, ஒண்ணு வாங்கிகினு பேசறது வேற. வாங்கிகினா மறக்க மாட்டீங்க."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்த்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. என்னை நம்ப அவளுக்கு என்ன காரணம் இருந்தது?

சந்தவாசலில் வசந்தா கைக்குழந்தையோடு எங்களை வரவேற்றாள். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். நான் களியை மெல்லப்போக, இரண்டு பேரும் சிரித்தார்கள். அதை மெல்லக் கூடாதாம், விழுங்க வேண்டுமாம். காசு அங்கேயும் இல்லை. குழந்தைக்கு முப்பது கழிந்ததும் வசந்தா அதைச் சேத்துப்பட்டிலிருக்கும் தன் நாத்தனார் அமுதாவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். அமுதாவுக்கு இது தலைப்பிரசவம், இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. "கட்டிகினா பயம் போயிடும்க்கா" என்றாள் வசந்தா. "எனக்குப் போச்சு." சொல்லிவிட்டு வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

அடுத்த நாள் சேத்துப்பட்டு. நேர் பேருந்தை விட்டுவிட்டோம், போளூர் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. முன் இருக்கையில் பக்கத்தில் திருமலையிலிருக்கும் சமணக் கோயிலுக்குப் போகிற ஒரு சமணத் தம்பதி. பெரியவர் நெற்றியில் சந்தனம், மடியில் ஒரு தூக்குப் பாத்திரம். மஞ்சுளா என் கையிலிருந்து படத்தை வாங்கி, பிரசவத்துக்குக் கட்டுகிற காசு என்று சொல்லி அவருக்கும் காட்டினாள். இதற்குள் அவளுக்கும் இதில் ஒரு ருசி வந்துவிட்டது.

"சிங்கம் எங்க மகாவீரருக்கு அடையாளம்மா" என்றார் பெரியவர். படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முகம் வாடியது. "ஆனா எங்க சிங்கம் யாரையும் மிதிக்காது." அவர் மனைவி தூக்கைத் திறந்து எங்கள் இருவருக்கும் எள்ளுருண்டை கொடுத்தார். இறங்கும்போது, "பிள்ளை நல்லபடியா பொறக்கட்டும்" என்று மஞ்சுளாவிடம் சொல்லிப் போனார். பிரசவம் யாருக்கென்று அவர் கேட்கவே இல்லை.

சேத்துப்பட்டில் அமுதாவின் வீடு பூட்டியிருந்தது. விடியற்காலையில் வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். நாங்களும் போனோம். வராந்தாவில் ஒரு பெஞ்சில் அமுதாவின் அம்மா உட்கார்ந்திருந்தார். அமுதாவின் கணவர் நிற்பதும் நடப்பதுமாக இருந்தார். மஞ்சுளாவைக் கண்டதும் அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து ஒரே வலி, குழந்தை இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"காசு?" என்று மஞ்சுளா மெதுவாகக் கேட்டாள்.

"நர்சு கயிறெல்லாம் கட்டக்கூடாதுன்னு அவுத்துட்டாங்க. இவ தர மாட்டேன்னு உள்ளங்கையில வச்சி மூடிகினா. அப்புறம் அவங்களும் வுட்டுட்டாங்க."

நான் தேடி வந்தது ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் கைக்குள் இருந்தது. அவள் கத்துவது கேட்டது. இரண்டு நாளாக என் மனதில் அந்தக் காசைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு அதை நினைக்க முடியவில்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. பிரசவ அறை வாசலில் நான் நின்றது அதுவே முதல் தடவை. எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. மஞ்சுளா என்னைப் பெஞ்சில் இழுத்து உட்கார வைத்தாள்.

காத்திருக்கும்போது ஏதாவது பேசவேண்டுமே என்று, அந்த அம்மாளிடம் கேட்டேன். "ஏம்மா, இதைப் புலிக்காசுன்னு ஏன் சொல்றீங்க? சிங்கம்தானே மேல இருக்கு?"

அவர் இதென்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தார். "மேல ஏறிகினு அழுத்துதே, அதாம்மா வலி. கீழ மல்லாந்து கெடக்குதே புலி, அது நாம. நாமதானே அப்படிப் படுத்துகினு கெடக்கறோம்? அது செத்தா போச்சு? நல்லாப் பாருங்க. காலைத் தூக்கிகினு, வாயத் தொறந்து கத்திகினுதானே கெடக்குது. அடங்காது அது. எங்கம்மா எனக்கு வலி எடுத்தப்ப இதத்தான் காதுல சொன்னாங்க. நீ புலி, கத்து, அடங்காதேன்னு. நானும் இவகிட்ட அதத்தான் சொல்லி உள்ள அனுப்பினேன்."

எத்தனையோ வருஷமாக அந்தப் படத்தை நான் பார்த்து வருகிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். வாங்க வந்தவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கீழே இருந்து பார்த்ததில்லை.

வேலூருக்கு வண்டி சொல்லலாமா என்று அமுதாவின் கணவர் உள்ளே கேட்கப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். அமுதா போட்ட சத்தம் ஒன்று, அதை அடுத்து வந்த சின்னச் சத்தம் ஒன்று. அந்த அம்மாள் எழுந்து கதவருகே ஓடினார். மஞ்சுளா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நானும் அழுதுகொண்டிருந்தேன். யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்காக.

பெண் குழந்தை. இருவரும் நலம். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, "யாருது இது? கையப் பிரிச்சு எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு" என்று, வாசலுக்குப் பக்கத்தில் நின்ற என் கையில் எதையோ வைத்துவிட்டுப் போனார். டெட்டால் வாசனையோடு, ஈரமாக, இன்னும் சூடாக இருந்தது.

வெள்ளீயம்தான். மேலே கயிறு கோக்க ஒரு துளை போட்டிருந்தது. பின்பக்கம் கோட்டையும் இல்லை, சூரியனும் இல்லை, சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகியிருந்தது. அரபு எழுத்தில் இரண்டு கோடுகள் மிச்சம். சிங்கத்தின் உருவம்தான் காசில் மேடாக எழும்பி நின்ற இடம். அதனால் கைபட்டு முதலில் தேய்ந்ததும் அதுதான். தலையும் பிடரியும் மறைந்து, வெறும் ஒரு மேடாக இருந்தது. அந்த மேட்டுக்குக் கீழே பள்ளத்தில் கிடந்த புலி மட்டும் அப்படியே இருந்தது. நகம் தெரிந்தது. திறந்த வாய் தெரிந்தது. எங்கள் தொழிலில் இதைச் சேதமான பொருள் என்பார்கள். என் வாழ்நாளில் வேறெதற்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மஞ்சுளா அந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மாறியது. தொட்டிலில் மாட்டி முப்பது நாள் இருக்கவேண்டிய காசு. ஆனாலும், "உங்க வூட்டுக் காசு, நீ சொன்னா சரிதான்டி" என்றார். சொல்லும்போது பிரசவ அறைக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சுளா என் விரல்களை மடக்கிக் காசை மூடினாள். "வச்சிக்குங்கக்கா."

எனக்கு இரண்டு நாளில் விமானம். கைக்குள் காசு. ஆனால் அதைப் பையில் போட்டுக்கொண்டு அந்த வராந்தாவைத் தாண்டி நடக்க எனக்குக் கால் வரவில்லை. "முப்பது நாள்தானே" என்றேன். "தனபால் ஊருக்கு வந்து திரும்பும்போது எடுத்து வரட்டும்." காசை அந்த அம்மாளிடம் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நான் மனம் மாறிவிடுவேனோ என்பதுபோல் வேகமாக இடுப்பில் செருகினார்.

"அவரு வருவாரா?" என்றாள் மஞ்சுளா.

"வருவார்."

திரும்புகிற பேருந்தில் அவளுக்கு உண்மைக் கதையைச் சொன்னேன். சுல்தான், கும்பினி, கோட்டை, ஏதோ ஒரு சிப்பாய் பரிசாக வாங்கி வந்த ஈயக்காசு. அந்தச் சிப்பாய் யார், எப்படி அவர்கள் வீட்டுக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப காசை வாங்கினவன் சிங்கத்து பக்கம் நின்னு சண்டை போட்டவன். அவன் பொண்டாட்டி புலி பக்கம் போயிட்டா."

பினாங்கு திரும்பியதும் நேராகச் சேலைக்கடைக்குப் போனேன். முதலாளி நல்ல மனிதர்தான். பண்டிகைக்கு எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுப்பவர். "நான் என்ன அவனைக் கட்டியா வச்சிருக்கேன்? சீசன் முடிஞ்சதும் போகட்டும்" என்றார். "அப்படின்னா பாஸ்போர்ட் அவர்கிட்ட இருக்கட்டும்" என்றேன். "பத்திரமா இருக்கட்டும்னுதான்..." என்று இழுத்தார். வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அங்கிருந்து நகரவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து மஞ்சுளா என்னிடம் கேட்ட கேள்வியை அப்படியே, அவள் கேட்ட மாதிரியே சொன்னேன். முதலாளி ஒரு சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து போய் டிராயரைத் திறந்தார். தனபாலின் பாஸ்போர்ட்டை மட்டும் எடுக்கவில்லை. அதிலிருந்த எல்லாவற்றையும் எடுத்து, கடைப் பையன்களைக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் கையிலும் அவரவருடையதைக் கொடுத்தார். கணவரைத் திரும்பிப் பார்க்காமல் மறுபடி கல்லாவில் போய் உட்கார்ந்து, "அடுத்து யாரும்மா?" என்றார்.

தனபால் அந்த வாரமே ஊருக்குப் போனார். புறப்படும்போது என் கடை வாசலில் நின்று, "வரும்போது காசோட வர்றேன்க்கா" என்று சத்தியம் செய்தார். மகளுக்கு ஒரு பெரிய பொம்மை வாங்கியிருந்தார். அது பெட்டியில் அடங்காமல், தூக்கிப் பிடித்துக்கொண்டே போனார்.

ஒரு மாதம் போயிற்று, இரண்டு போயிற்று, ஆறும் தாண்டியது. அவர் வரவில்லை. ஆரணியிலேயே இன்னொரு தறி போட்டுவிட்டதாகச் சேலைக்கடைப் பையன்கள் சொன்னார்கள். பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் மஞ்சுளாவின் பக்கத்து வீட்டு எண்ணுக்குப் போன் செய்தேன். அவள் ஓடி வந்து பேசினாள், மூச்சு வாங்கியது. பின்னால் தறிச் சத்தம் கேட்டது. அது தனபால் என்றாள். அமுதாவின் குழந்தை தவழ்கிறது என்றாள். எல்லாம் கேட்டுவிட்டு, மெதுவாகக் காசைப் பற்றிக் கேட்டேன்.

"வந்துடுச்சிக்கா, எங்கிட்டதான் கீது."

"அப்படியா! யார்கிட்டயாவது கொடுத்தனுப்பறியா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு வெட்கத்தோடு, "நான் முழுகாம இருக்கேன்க்கா. இது எட்டாம் மாசம்" என்றாள். "எனக்குத்தான் எடுத்து வச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமும் வந்தது, வயிற்றெரிச்சலும் கொஞ்சம் வந்தது. "சரி, உனக்கு ஆகட்டும். அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வசந்தாவோட தங்கச்சிக்கு. அப்புறம் எங்க தெருவுல ரெண்டு பேரு சொல்லி வச்சிருக்காங்க."

"எனக்கு எப்போ?"

"உங்களுக்கா?" மஞ்சுளா சிரிக்க ஆரம்பித்தாள். அவளால் பேச முடியவில்லை. "நீங்க மொதல்ல முழுகாம இருங்கக்கா. அவங்களுக்குத்தான் தருவோம்."

நான் சிரித்த சத்தத்தில் அடுத்த கடைச் சீனக் கிழவர் கையில் தேநீரோடு எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று அவருக்குக் கையைக் காட்டினேன்.